ஷூ கம்பெனியில் இளம் தொழிலாளர்களைச் சங்க வேலைக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: ஆம்பூர் இணைச்செயலாளர்

வணக்கம் தோழர்களே. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் (தைத்த மேல் பகுதியைக் கால் அச்சில் இழுத்துப் பொருத்துவது), ஃபினிஷிங் எல்லாம் ஒரே காம்பவுண்டில். மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) 600 பேர், அதில் பெண்கள்தான் அதிகம். சங்கம் பதிவாகிப் பல வருஷம் ஆகிறது, சந்தா கட்டும் உறுப்பினர்கள் 230 பேர். இவர்களில் பெரும்பாலானோர் நாற்பதைத் தாண்டியவர்கள். 30 வயதுக்குக் கீழே ஏறக்குறைய 250 பேர் வேலை பார்க்கிறார்கள். உறுப்பினராகச் சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர்களுக்குச் சங்கத்தின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. பி.எஃப். பிரச்சினை என்றால் வந்து கேட்கிறார்கள், வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். கேட் மீட்டிங்கில் நிற்பதில்லை. மே தினத்துக்குக் கொடி ஏற்றினால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். ஒரு பகுதி நிரந்தரம், ஒரு பகுதி குறித்தகால ஒப்பந்தம். ஃபினிஷிங்கில் கான்ட்ராக்ட் ஆட்கள், கொஞ்சம் பேர் 'டிரெய்னி'.

எங்கே தொடங்குவது? கான்ட்ராக்ட்டையும் டிரெய்னியையும் சேர்க்கலாமா? ஸ்டிச்சிங் லைன் பெண்களிடம் பேச நேரமே கிடைப்பதில்லை, அதற்கு என்ன வழி? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில் 1: பாலாறு

நல்ல கேள்வி தோழர். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேட் மீட்டிங் என்பது ஏற்கெனவே நம்மோடு இருப்பவர்களுக்கானது. புது ஆள் அங்கே நின்றால் செக்யூரிட்டி பார்க்கிறார், கேமரா பார்க்கிறது, சூப்பர்வைசர் காதுக்குப் போகிறது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன ஒரு பையன் அந்த இடத்தில் நிற்கவில்லை என்பதற்காக அவனுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

தொடங்க வேண்டியது வரைபடத்திலிருந்து. இரண்டு வரைபடம் வேண்டும். ஒன்று கம்பெனிக்குள்: எந்த லைன், எந்த ஷிஃப்ட், எத்தனை பேர், அதில் 30 வயதுக்குள் யார் யார், அவர்களில் உறுப்பினர் யார். இன்னொன்று வெளியே: கம்பெனி வேன் எந்தெந்த ஊருக்குப் போகிறது, எந்த வேனில் யார் ஏறுகிறார்கள். பேரணாம்பட்டு வேன், மாதனூர் வேன், ஆலங்காயம் வேன், உமராபாத் பக்கத்து ஆட்கள் என்று பிரித்துப் பாருங்கள். உள்ளே லைன் எப்படியோ, வெளியே வேன் அப்படி. தினமும் போக வர ஒன்றாக உட்காருகிறவர்களுக்குள் ஒருவர் பேச்சை மற்றவர்கள் மதிப்பார்கள். அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது? "சம்பளத்தில் ஏதாவது குறைந்தால் யாரிடம் முதலில் கேட்பீங்க?" என்று லைனில் நாலைந்து பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே பெயர் மூன்று முறை வந்தால் அவர்தான். அதிகம் சத்தம் போடுகிற ஆளை நாம் தலைவர் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அவர் இல்லை. வேலையில் கெட்டிக்காரராக, பக்கத்து மெஷினுக்கு ஊசி உடைந்தால் எழுந்து போய் உதவுகிறவராக, பேச்சு குறைந்தவராக இருப்பார்.

10 முதல் 15 பேருக்கு ஒரு தொடர்பாளர் என்று கணக்கு வையுங்கள். உங்கள் 250 பேருக்கு 20 பேர் போதும். ஒரே வாரத்தில் 20 பேரையும் பிடிக்கப் போகாதீர்கள். முதலில் ஐந்து.

அந்த முதல் பேச்சைப் பற்றி. கம்பெனிக்கு வெளியே, டீக்கடையில் வேண்டாம், வீட்டிலோ தெருவிலோ. அரை மணி நேரம். அதில் முக்கால் பங்கு அவர் பேச வேண்டும். சங்க வரலாறு, பழைய போராட்டம், 1990-களில் வாங்கிக் கொடுத்த இன்க்ரிமெண்ட் எல்லாம் இந்தப் பேச்சில் வேண்டாம், அவர் கேட்டால் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது: வேலையில் எது மாறினால் நல்லாயிருக்கும், அதை ஏற்கெனவே யாரிடமாவது சொன்னீங்களா, அவங்க என்ன சொன்னாங்க, லைனில் வேற யாருக்கு இதே பிரச்சினை. கடைசிக் கேள்விதான் முக்கியம். அது அவரைத் தன் பிரச்சினையிலிருந்து நாலு பேர் பிரச்சினைக்கு நகர்த்துகிறது.

முதல் நாளே உறுப்பினர் படிவத்தை நீட்டக் கூடாது. ஒரு சின்ன வேலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். "உங்க லைனில் எத்தனை பேருக்கு வேலை நியமனக் கடிதம் கையில் இருக்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்றீங்களா?" அவ்வளவுதான். கேட்டுச் சொன்னார் என்றால் அவர் தொடர்பாளர் ஆகிவிட்டார், படிவம் அதற்குப் பிறகு தானாக வரும். சொல்லவில்லை என்றால் இன்னொரு முறை பாருங்கள், பிறகு அடுத்த பெயருக்குப் போங்கள்.

நியமனக் கடிதத்தை நான் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. புதுச் சட்டத் தொகுப்பில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதைக் கொடுப்பது கட்டாயம். கேட்பது எளிது, ஆபத்து குறைவு, கிடைத்தால் கையில் வைத்துப் பார்க்கலாம். இளைஞர்களுக்கு முதல் வெற்றி இப்படித்தான் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு வார்த்தை. எல்லோரையும் ஒரே குழுவில் போட்டால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒருவர் எச்.ஆர். பக்கம் இருந்தால் உங்கள் மொத்தப் பட்டியலும் அன்றைக்கே போய்விட்டது. பொது அறிவிப்புக்கு அட்மின் மட்டும் பதிவிடும் கம்யூனிட்டி வகையை வையுங்கள், அதில் உறுப்பினர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. தொடர்பாளர்கள் மட்டும் தனிச் சின்னக் குழு. லைனுக்குள் ஃபோனில் படம் எடுத்துப் போடுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் டிசைன் வெளியே போனது என்று சார்ஜ் ஷீட் கொடுக்க அது ஒன்றே போதும், அந்தக் கேஸில் சங்கம் வாதாடுவதும் கஷ்டம்.

பதில் 2: வாலாஜா தொழிற்சட்டம்

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் இளைஞர்கள் கேட்கிற முதல் கேள்வி "சேர்ந்தா தூக்கிடுவாங்களா?" என்பதுதான். அதற்குச் சங்கத்துக்காரர்கள் வீரமாகப் பதில் சொல்கிறார்களே தவிர, சரியாகச் சொல்வதில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் உள்ளன. 1926 தொழிற்சங்கச் சட்டம், 1947 தொழில் தகராறு சட்டம் எல்லாம் தொழில் உறவுகள் தொகுப்புக்குள் வந்துவிட்டன. உங்களுக்கு இதில் முதலில் புரிய வேண்டியது ஒரு கணக்கு. ஒரு நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், மஸ்டர் ரோலில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ அதுதான் நிர்வாகத்தோடு பேச உரிமை உள்ள ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். 600 பேரில் 306. உங்களிடம் 230. குறைவது 76. யாருக்கும் 51 இல்லை என்றால் பேச்சுவார்த்தைக் குழு அமையும், அதில் இடம் பெற 20 சதவீதம் வேண்டும். நாளைக்கு நிர்வாகம் தனக்கு வேண்டிய ஒரு சங்கத்தை உருவாக்கி இந்த இளைஞர்களைத் திரட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்த 250 பேர் யார் பக்கம் என்பதில்தான் அடுத்த ஊதிய ஒப்பந்தமே இருக்கிறது.

யாரைச் சேர்க்கலாம்? நிரந்தரம், தகுதிகாண் பருவம், குறித்தகால ஒப்பந்தம் மூவரும் தொழிலாளிகள், தாராளமாகச் சேர்க்கலாம். குறித்தகாலத் தொழிலாளிக்கு அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளமும் சலுகையும் உண்டு, ஒரு வருஷம் முடிந்தாலே கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உண்டு. இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள்.

கான்ட்ராக்ட் தொழிலாளியையும் உங்கள் சங்க விதி அனுமதித்தால் சேர்க்கலாம். விதியில் 'கம்பெனி ஊழியர்கள்' என்று மட்டும் இருந்தால் பொதுக்குழுவில் திருத்தி, திருத்தத்தைப் பதிவாளருக்கு அனுப்புங்கள். ஆனால் அவர் கான்ட்ராக்டரின் மஸ்டர் ரோலில் இருப்பவர், 51 சதவீதக் கணக்கில் அவரைச் சேர்த்துச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காமல் போனால் முதன்மை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்பதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

டிரெய்னி என்பதில் இரண்டு வகை. பயிற்சியாளர் சட்டம் 1961-இன் கீழ் பதிவான ஒப்பந்தம் உள்ளவர் சட்டப்படி தொழிலாளி அல்ல. அப்படிப் பதிவானதா என்று அவரையே கேளுங்கள்: அரசின் அப்ரெண்டிஸ்ஷிப் தளத்தில் அவர் பெயரில் கணக்கும் ஒப்பந்த எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாமல் கம்பெனி தானாகவே 'டிரெய்னி' என்று அட்டை கொடுத்து லைனில் உட்காரவைத்து டார்கெட் வாங்கினால், அவர் தொழிலாளிதான் என்று வாதாட இடம் உண்டு. முதல் வகையினரிடம் சந்தா வாங்க வேண்டாம். தொடர்பில் வைத்துக்கொண்டு, தொழிலாளியாக ஆனதும் சேருங்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு சட்டம் இருக்கிறது, இளைஞர்களைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது. 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணி செய்தவர் நிரந்தரம் ஆக்கப்பட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விடுப்பு, விபத்து, லே ஆஃப் (நிர்வாகம் தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்திவைப்பது) ஆகியவற்றால் பணித் தொடர்ச்சி அறுந்துபோகாது. இதில் எங்கே கோட்டை விடுகிறோம் என்றால், 480 நாளைக் காட்ட ஆதாரம் இருப்பதில்லை. சம்பளச் சீட்டை ஃபோனில் படம் எடுத்து மாதா மாதம் தனக்கே மெயில் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. பங்களிப்பு விவரத்தில் ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் சம்பளம் என்று பதிவாகியிருக்கும், அது நிர்வாகமே கொடுத்த கணக்கு. அதை இறக்கி வைத்துக்கொண்டால் பின்னால் மறுக்க முடியாது.

இப்போது வேலைநீக்கம். சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தண்டிப்பது, இடமாற்றுவது, நீக்குவது எல்லாம் சட்டத்தில் நியாயமற்ற தொழில் நடைமுறை. ஆனால் "சங்கத்தில் சேர்ந்ததால் நீக்குகிறோம்" என்று எந்த நிர்வாகமும் எழுதித் தராது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை "வேலை திருப்தி இல்லை" என்று அனுப்புவார்கள். அதனால் தகுதிகாண் பருவத்தில் இருக்கிற பையனை மேடையில் ஏற்றாதீர்கள், நோட்டீஸில் பெயர் போடாதீர்கள், கொடி பிடித்து முன்னால் நிற்கவைக்காதீர்கள். அவர் உள்ளே இருந்து செய்யும் வேலை போதும். தகுதிகாண் முடிந்த பிறகு பொறுப்புக்குக் கொண்டுவாருங்கள், அப்போது அந்தப் பெயரை எழுத்துமூலம் நிர்வாகத்துக்குத் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். பின்னால் பழிவாங்கினார்கள் என்று நிரூபிக்க, நிர்வாகத்துக்கு முன்பே தெரியும் என்று காட்ட வேண்டுமே.

நீக்கிவிட்டால் உடனே சமரச அதிகாரியிடம் மனு. 45 நாளில் தீரவில்லை என்றால் நேரே தீர்ப்பாயம் போகலாம். காலவரம்பு 2 வருஷம், முன்பு 3 இருந்தது. வெற்றுத்தாளில் கையெழுத்து, "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்ற கடிதம், இரண்டையும் கேட்டால் போடவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாதிக் கேஸ்கள் அங்கேயே சாகின்றன.

இளைஞர்கள் வேகமானவர்கள், கோபம் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார்கள். வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு கொடுத்து 14 நாள் ஆக வேண்டும், அதன் பிறகும் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நடத்த வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து 7 நாளுக்கும் கூடாது. 50 சதவீதம் பேர் ஒரே நாளில் பேசிவைத்து கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். அறிவிப்பில்லாமல் 10 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வேலைக்கு வராமல் போனால் 8 நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். இதைப் பயமுறுத்த அல்ல, பாதுகாக்கச் சொல்லிக் கொடுங்கள்.

"சங்கம் நடத்தினா கேஸ் போடுவாங்களாமே" என்று கேட்கிறவர்களுக்கு: 1918-இல் சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பக்கிங்காம், கர்னாடிக் மில் நிர்வாகம் தலைவர் பி.பி. வாடியா மீது உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கியது. தொழிலாளியைத் திரட்டுவதே சட்டத்துக்குப் புறம்பு என்று ஆகிவிடும் நிலை. அந்த அநியாயத்தை எதிர்த்து எழுந்த கோரிக்கையில்தான் 1926 சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் நியாயமான நடவடிக்கைக்காக அதன் பொறுப்பாளர்கள் மீது சதி வழக்கு போட முடியாது என்ற பாதுகாப்பு அதில் கிடைத்தது, இப்போதைய தொகுப்பிலும் இருக்கிறது.

பதில் 3: குடியாத்தம் அக்கா

ஸ்டிச்சிங் லைனைப் பற்றிக் கேட்டீங்களே தம்பி, அதைச் சொல்றேன்.

மாலை ஆறு மணிக்குக் கூட்டம்னு நோட்டீஸ் போட்டா பெண் பிள்ளைங்க வர மாட்டாங்க. வேனை விட்டா ஊருக்கு எப்படிப் போவாங்க? வீட்டில் என்ன பதில் சொல்வாங்க? கூட்டத்தை அவங்க ஊருக்குக் கொண்டு போங்க. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூணு மணியிலிருந்து நாலரை வரை, சமையல் முடிஞ்சு மாலை வேலை தொடங்குறதுக்கு முன்னாடி. ஒரு வேன் ஊருக்கு ஒரு கூட்டம், எட்டுப் பத்துப் பேர் போதும். குழந்தையோட வர்றவங்களுக்கு இடம் இருக்கட்டும். கல்யாணம் ஆகாத பொண்ணு வீட்டுக்குப் போனா அம்மாகிட்டயும் உட்கார்ந்து பேசிட்டு வாங்க. வீட்டுக்கு ஒளிச்சு ஒரு பொண்ணு சங்கத்துக்கு வந்தா, முதல் பிரச்சினையிலேயே நிறுத்திடுவாங்க. ரம்ஜான் மாசத்தில் மாலையில் வைக்காதீங்க. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அந்த வாரம் ஒண்ணும் நடக்காது.

பேச ஒரு ஆண் மட்டும் போகக் கூடாது. சங்கத்தில் பெண் பொறுப்பாளர் இல்லைன்னா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. பெண்கள் அதிகமா இருக்கிற கம்பெனியில் நிர்வாகக் குழு முழுக்க ஆம்பளைங்களா இருந்தா, அந்தச் சங்கத்தை நம்பி எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

அவங்க பேசுற விஷயம் வேற. மணிக்கு இத்தனை ஜோடி அப்பர்னு (ஷூவோட மேல் பகுதி) டார்கெட். டாய்லெட் போனா சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாதவிடாய் நாளில் எழுந்திரிக்க முடியலை. வேன் நேரம் தப்பினா அரை நாள் வெட்டு. இதெல்லாம் ஊதிய ஒப்பந்தத்தில் வராத விஷயம்னு ஒதுக்காதீங்க. டார்கெட்டை எடுத்துக்கங்க. ஒரு வாரத்துக்கு ஒரு லைன் பிள்ளைங்ககிட்ட மணிக்கு மணி எத்தனை ஜோடி வந்துச்சு, எந்த மாடல், மெஷின் எத்தனை நிமிஷம் நின்னுச்சு, நூல் மாத்த எவ்வளவு நேரம்னு குறிச்சு வைக்கச் சொல்லுங்க. புது மாடல் வந்த முதல் மூணு நாள் எண்ணிக்கை குறையும், பழைய மாடலோட டார்கெட்டை அதுக்கும் கேட்டா அது நியாயம் இல்லைன்னு அந்தத் தாளே சொல்லிடும். எழுதினது அவங்க கை, அதனால் பேசும்போது நடுங்க மாட்டாங்க.

குறை தீர்க்கும் குழு தெரியுமா? 20 பேரோ அதுக்கு மேலோ இருக்கிற நிறுவனத்தில் கட்டாயம். அதிகபட்சம் 10 பேர், நிர்வாகம் பாதி தொழிலாளி பாதி. பெண்கள் எந்த விகிதத்தில் இருக்காங்களோ அந்த விகிதத்துக்குக் குறையாம குழுவிலும் இருக்கணும். தலைவர் பதவி வருஷத்துக்கு ஒரு தரப்பு. மனு கொடுத்தா 30 நாளில் முடிக்கணும். முடிவு பிடிக்கலைன்னா 60 நாளுக்குள்ள தன் சங்கத்தின் வழியா சமரச அதிகாரிகிட்டப் போகலாம். பாருங்க, 'சங்கத்தின் வழியா'ன்னுதான் இருக்கு. சங்கத்தில் எதுக்குச் சேரணும்னு கேட்கிற பொண்ணுக்கு இதைவிட நேரடிப் பதில் கிடையாது. அந்தக் குழுவில் ரெண்டு இடம் 30 வயசுக்குக் கீழ இருக்கிற ஸ்டிச்சிங் பெண்களுக்குன்னு சங்கத்திலேயே முடிவு எடுங்க.

பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழு தனி. 10 பேர் இருந்தாலே வேணும், தலைவர் பெண், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாம பெண்கள். சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்தில் கொடுக்கணும். குழு உறுப்பினர் பெயரை லைனில் ஒட்டியிருக்காங்களான்னு பாருங்க. ஒட்டலைன்னா அதையே முதல் கோரிக்கையா வைங்க. ஒரு பிள்ளை புகார் சொன்னா அவ பெயரை நோட்டீஸ்லயோ கூட்டத்துலயோ சொல்றது சட்டப்படியும் தப்பு, மனுஷத்தனப்படியும் தப்பு.

பதில் 4: சிப்காட் ஃபிட்டர்

பாதுகாப்பை யாரும் சொல்லவில்லை. இளம் ஆண் தொழிலாளர்களை, குறிப்பாக கட்டிங், லாஸ்டிங் பக்கம் இருப்பவர்களை, இதைவிட வேகமாக இழுப்பது வேறு எதுவும் இல்லை. பாதுகாப்பில் கட்சி கிடையாது, வயது கிடையாது.

தோலை வெட்டும் கிளிக்கிங் பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் மேல் டையை (வெட்டும் அச்சை) வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தலை இறங்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் டைக்கு அடியில் இருக்காது, அந்த ஏற்பாட்டின் அர்த்தமே அதுதான். டார்கெட் நெருக்கினால் ஒரு பட்டனை டேப் ஒட்டியோ, அட்டைத் துண்டைச் செருகியோ அழுத்தியே வைத்துவிடுகிறார்கள். ஒரு கையில் டையை நகர்த்திக்கொண்டே இன்னொரு கையில் அழுத்தலாம், மணிக்குச் சில ஜோடி கூடுதலாக வரும். விரல் போவதும் அப்படித்தான். போன பிறகு டேப்பைக் கிழித்துவிட்டு "கவனக்குறைவு" என்று எழுதுவார்கள்.

ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு இளைஞரை வைத்து, ஷிஃப்ட் தொடக்கத்தில் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பட்டனை மட்டும் அழுத்தினால் தலை இறங்குகிறதா? ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்து, மற்றதை விட்டு விட்டு அழுத்தினால் மீண்டும் இறங்குகிறதா? அவசர நிறுத்த பட்டன் வேலை செய்கிறதா? முதல் இரண்டில் எதற்கு 'ஆம்' வந்தாலும் அது பழுது. தேதி, மெஷின் எண், நேரம் போட்டு நோட்டில் எழுதி, மெயின்டனன்ஸுக்கு எழுத்தில் கொடுங்கள். இது அத்தனையும் ஒரு நிமிஷ வேலை, ஆனால் அந்தப் பையன் அன்றிலிருந்து சங்கத்தின் ஆள்.

பசை போடும் இடத்தில் தலைவலி, கை கால் மரத்துப்போவது என்று சொன்னால் லேசாக விடாதீர்கள். கரைப்பானில் டொலுவீன் இருக்கிறதா, என்-ஹெக்ஸேன் இருக்கிறதா என்று டப்பா லேபிளையும் பாதுகாப்புத் தரவுத் தாளையும் கேளுங்கள். ஹெக்ஸேன் நரம்பைக் கெடுக்கும். பசைச் சட்டிக்கு மூடி, உறிஞ்சு விசிறி, அது இழுக்கிறதா என்று ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும்.

தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் இடத்தில்) வேலை செய்கிற இளைஞர்கள் இதைப் படித்தால்: கழிவுத் தொட்டிக்குள் வாயு சோதனை இல்லாமல், மேலே ஆள் இல்லாமல், கயிறும் பெல்ட்டும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமாக இருக்கும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர்கள்தான் சாகிறார்கள், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாகிறார். ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி இறுதியில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். இந்தியிலும் வங்காளத்திலும் ஒரு நோட்டீஸ் அடிக்காத சங்கம் அவர்களை எப்படிக் காப்பாற்றும்?

விபத்து நடந்தால் விபத்துப் பதிவேட்டில் அன்றே ஏறியதா என்று பாருங்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ.யில் முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு, இத்தனை நாள் பங்களிப்பு என்ற நிபந்தனை கிடையாது, சம்பளத்தில் 90 சதவீதம் வரும். சாதாரண நோய்க்கு அப்படி இல்லை: ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் இருக்க வேண்டும், 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. காயத்தை "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லி தனியார் ஆஸ்பத்திரியில் கட்டிவிடச் சொல்வார்கள். சொல்லாதீர்கள். டிஸ்பென்சரி சீட்டிலும், வேலூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கேயும், "வேலையின்போது, இந்த மெஷினில்" என்று எழுதச் சொல்லுங்கள்.

மீண்டும்: ஆம்பூர் இணைச்செயலாளர்

மிக்க நன்றி தோழர்களே, அக்கா. இன்னும் இரண்டு சந்தேகம். இளைஞர்களுக்குப் பொறுப்பு கொடுக்கலாம் என்றால் மூத்த தோழர்கள் "நாங்க சிறை போய் வளர்த்த சங்கம், நேத்து வந்தவனுக்குப் பதவியா" என்கிறார்கள். இளைஞர்களோ சந்தா எங்கே போகிறது, இது எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள்.

பதில் 5: பாலாறு

இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது: கணக்கைத் திறந்து வையுங்கள். மாதம் ஒரு தாள். வரவு எவ்வளவு, லேபர் ஆபீஸ் போக்குவரத்து எவ்வளவு, வக்கீலுக்கு எவ்வளவு, மேல் சங்கத்துக்குக் கட்டியது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு. 30 வயதுக்குள் ஒருவரைப் பொருளாளருக்கு உதவியாக வைத்து அவர் கையால் எழுத வையுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. எழுத்துமூலச் சம்மதம் வாங்கிச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வது வசதிதான், ஆனால் அந்தப் பட்டியல் நிர்வாகத்தின் கையில் இருக்கும். தகுதிகாண் பருவத்தில் உள்ளவர்களிடம் நேரில் வாங்குங்கள். மாதம் ஒருமுறை தொடர்பாளர் நேரில் பார்க்க அது ஒரு காரணமும் ஆகும்.

கட்சியைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். எந்த மத்திய சங்கத்தோடு இணைந்திருக்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள், ஓட்டு அவரவர் விருப்பம் என்றும் சொல்லுங்கள், பிறகு தேர்தல் நேரத்தில் அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். தேர்தல் வேலைக்கு ஆள் கேட்டு இளைஞரைக் கூப்பிட்டால் அதோடு போனார்.

மூத்தவர்கள் விஷயம் நுட்பமானது. அவர்கள் பட்ட கஷ்டம் உண்மை, அதைக் குறைத்துப் பேசி யாரையும் உள்ளே கொண்டுவர முடியாது. பதவியை மாற்றுவதற்கு முன் வேலையைப் பிரியுங்கள். பேச்சுவார்த்தை, லேபர் ஆபீஸ் மூத்தவர்கள் கையிலேயே இருக்கட்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உதவி மேசையை முழுக்க இளைஞர்களிடம் விடுங்கள், மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, சங்க அலுவலகத்தில். அங்கே பார்க்க வேண்டியது: யு.ஏ.என். (ஒருவருக்கு ஒன்றே இருக்க வேண்டிய பி.எஃப். எண்) செயல்படுகிறதா, ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பி.எஃப். கணக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, முந்தைய கம்பெனி விலகல் தேதியைப் பதிந்ததா, ஒருவருக்கே இரண்டு யு.ஏ.என். இருக்கிறதா, நாமினி பதிந்தாயிற்றா, சம்பளச் சீட்டில் பிடித்த தொகை பாஸ்புக்கில் மாதா மாதம் ஏறியதா. ஷூ கம்பெனிகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் விலகல் தேதி இல்லாதது மிக அதிகம், அது இல்லாமல் பழைய பணம் புதுக் கணக்குக்கு வராது. பாஸ்புக்கில் ஏறாத மாதங்கள் இருந்தால் லைன்வாரியாகப் பட்டியல் எடுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் எழுத்துப் பிழையாக இருக்கும், ஒரே மாதம் எல்லோருக்கும் இல்லை என்றால் நிர்வாகம் கட்டவில்லை, அது சங்கமே எடுக்க வேண்டிய பிரச்சினை.

அந்தப் பட்டியலோடு மூத்த தோழர் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, தயாரித்த இளைஞரும் கூடவே போகட்டும். முதல் இரண்டு தடவை பேச வேண்டாம், குறிப்பு எடுக்கட்டும். மூன்றாம் தடவை அவருடைய லைன் விஷயத்தை அவரே சொல்லட்டும். இப்படி ஆறு மாதம் ஓடினால், அடுத்த பொதுக்குழுவில் இரண்டு நிர்வாகக் குழு இடம் கேட்பதற்கு நீங்கள் வாதாட வேண்டியிருக்காது, மூத்தவர்களே பெயரை முன்மொழிவார்கள். வெளியாட்கள் பொறுப்பில் இருந்தால் அதற்கும் உச்சவரம்பு உண்டு: மொத்தப் பொறுப்பாளர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அது. ஓய்வு பெற்ற தொழிலாளி சட்டப்படி வெளியாள் அல்ல, அவரை விட்டுவிட்டு உங்கள் குழுவில் வெளியாட்கள் எத்தனை பேர் என்று இந்த வாரமே எண்ணிப் பாருங்கள், அந்த வரம்பைத் தாண்டியிருந்தால் அந்த இடங்களே இளைஞர்களுக்கு.

தொடங்கும் தேதி முக்கியம். போனஸ் பேச்சுக்கு மூன்று மாதம் முன்னால் வரைபடத்தைத் தொடங்குங்கள். தீபாவளிக்கு முன் இளைஞர்கள் கேட்பார்கள்: 30 நாள் வேலை செய்தவருக்கே உரிமை உண்டா? உண்டு, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். அப்போது கேட்க வருகிறவர்களின் பெயரும் லைனும் உங்கள் வரைபடத்தில் ஏறட்டும். அந்தத் தாளை மட்டும் கம்பெனிக்குள் யாரும் எடுத்துப் போகக் கூடாது, ஃபோன் எண்ணும் அதில் எழுத வேண்டாம்.